பைபாஸ் நடந்தது அரசுப் பணத்தில், நன்றி மட்டும் அம்மனுக்கா?

கொருக்குப்பேட்டைக்காரன்

எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் பைபாஸ் நடந்து, ஆட்டோ செலவு சாப்பாட்டுச் செலவு தவிரப் பெரிதாகக் கைக்காசு போகாமல் வீடு வந்து சேர்ந்துவிட்டார். மகிழ்ச்சி. குடும்பமே வேன் பிடித்துப் பெரியபாளையம் போய், வேப்பிலை ஆடை கட்டி நேர்த்திக்கடனையும் செலுத்திவிட்டது. அது அவர்கள் விருப்பம். ஆனால் தெருமுனையில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். மேலே அம்மன், கீழே பெரியவர், ஓரத்தில் வட்டச் செயலாளர். "மறுபிறவி தந்த தாயே!" அறுவை செய்த டாக்டர் அதில் இல்லை. ராத்திரி முழுக்க ட்யூபைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் இல்லை. பணம் கட்டிய திட்டத்தின் பெயர்கூட இல்லை.

கேட்டால், "அம்மன் இருக்கிறாள் என்பதற்கு இதைவிட என்னப்பா ஆதாரம் வேண்டும்?" என்கிறார்கள். சரி, ஆதாரம் என்றே பேசுவோம். இதே பைபாஸ் நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது, 2006ல் வெளியானது. மொத்தம் 1,802 பேர், மூன்று பிரிவு. முதல் பிரிவுக்காக முன்பின் தெரியாதவர்கள் ஜெபித்தார்கள். இரண்டாம் பிரிவுக்காக யாரும் ஜெபிக்கவில்லை. இந்த இரண்டு பிரிவுக்கும் "ஜெபம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம்" என்று மட்டும் சொன்னார்கள். மூன்றாம் பிரிவிடம் "உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டே ஜெபித்தார்கள். அறுவைக்குப் பின் ஏதோ ஒரு சிக்கல் வந்தவர்கள் முறையே 52, 51, 59 சதவீதம். ஜெபித்ததால் பலன் இல்லை. ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்குத்தான் கூடுதல் சிக்கல். "இத்தனை பேர் ஜெபிக்கிற அளவுக்கா நம் உடம்பு மோசமாகிவிட்டது" என்று பயந்திருப்பார்கள் போல.

இதற்கு ஆத்திகர்கள் பதில் சொல்லுங்கள்.

ஒற்றியூர் அடியார்

தம்பி, கடவுளைக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரையாக்கி, பலன் வரவில்லை என்று அட்டையைத் தூக்கி எறிந்தால் எப்படி? அந்த ஆய்வு காட்டியது அவ்வளவுதான்: பெயர் மட்டும் தெரிந்த யாரோ ஒருவருக்காக, கொடுத்த வாசகத்தைச் சொல்லி, குறித்த நாட்கள் ஜெபித்தால் அறுவையில் மாற்றம் தெரியவில்லை. கடவுள் இல்லை என்று அதிலிருந்து எப்படி வரும்?

நோய் தீர்ந்ததை வைத்துக் கடவுளை நிறுவும் வேலையை எங்கள் சைவ சித்தாந்தமும் செய்வதில்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தைத் தொடங்குவதே ஒரு வாதத்தோடுதான். அவன், அவள், அது என்று சுட்டப்படுகிற இந்த உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. அப்படி மாறுகிற ஒன்று தானாகத் தோன்றாது, அதைத் தோற்றுவிக்கிறவன் ஒருவன் உண்டு. ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம். ஆனால் மறுக்க வேண்டியது இதைத்தான், தெருமுனை ஃப்ளெக்ஸை அல்ல.

மின்ட் மிளகாய்

அடியாரே, நோய் தீர்ந்ததை வைத்து நீங்கள் கடவுளை நிறுவவே இல்லையா? அப்பர் சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பியது எதனால்? சூலை நோய். திருவதிகையில் தீர்ந்தது. பாண்டியனை மாற்றியது எது? வெப்பு நோய்.

அதிலும் பாண்டியன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உடம்பின் இடப்பக்கத்துக்குச் சமணர் வைத்தியம், வலப்பக்கத்துக்குச் சம்பந்தரின் திருநீறு. ஒரே நோயாளி, ஒரே நேரம், இரண்டு சிகிச்சை. இன்றைக்கு டாக்டர்கள் செய்கிற ஒப்பீட்டுச் சோதனையின் வடிவம் அப்படியே இருக்கிறது. வலப்பக்கம் குளிர்ந்தது, இடப்பக்கம் இன்னும் எரிந்தது என்று முடிவு. ஒரே குறை, சோதனை நடந்தது 7ஆம் நூற்றாண்டில், நாம் படிக்கிற அறிக்கையைச் சேக்கிழார் எழுதியது 12ஆம் நூற்றாண்டில். அதுவும் ஜெயித்த கட்சியிலிருந்து.

உலகத்தை ஒருவன் படைத்தான் என்ற வாதத்துக்கும் தமிழிலேயே மறுப்பு இருக்கிறது. சமணர், பௌத்தர் இரண்டு பேருமே படைத்தவன் ஒருவன் வேண்டியதில்லை என்றவர்கள்தான். மணிமேகலை வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயக்காரனிடமும் போய் உன் கொள்கை என்ன என்று கேட்டுக்கொண்டே போகிறாள். கடைசியில் அவள் சேருகிற பௌத்தத்தில் அளவை, அதாவது உண்மையை அறியும் வழி, இரண்டே இரண்டு: நேரில் காண்பது, அதிலிருந்து ஊகிப்பது. பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்குத் தனி இடம் கிடையாது.

ஒற்றியூர் அடியார்

சேக்கிழார் மேல் கை வைத்தால் நானும் அவரிடமிருந்தே எடுக்கிறேன். சுந்தரர் எங்கள் ஒற்றியூரில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தார், உன்னை விட்டுப் பிரியமாட்டேன் என்று. மீறி ஊர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. தட்டுத் தடுமாறி நடந்தார். காஞ்சிபுரத்தில் ஒரு கண் வந்தது, திருவாரூரில்தான் இன்னொரு கண். குணமாவது ஆதாரம் என்றால் இந்தத் தவணை முறையை என்னவென்று சொல்வீர்கள்? அது ஆதாரம் காட்டும் கதை இல்லை மிளகாய், இரண்டு பேருக்கு நடுவில் நடந்த சண்டை. பக்தி என்பது அந்த உறவு. ஆய்வுக்கூடத்தில் அதற்கு வேலை இல்லை.

கொருக்குப்பேட்டைக்காரன்

ஆய்வுக்கூடத்தில் வேலை இல்லையென்றால் ஃப்ளெக்ஸிலும் வேலை இல்லை. ஆதாரம் கேட்டால் உறவு என்பீர்கள், குணமானால் ஆதாரம் என்பீர்கள்.

வார்டு சிஸ்டர்

டூட்டி முடிந்து வந்து படித்தேன். இங்கே பேசுகிறவர்களில் நோயாளியை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பி வைத்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

தியேட்டருக்கு அனுப்பும் முன் நகை, பல்செட், ஹேர்பின் எல்லாம் கழற்ற வேண்டும். அதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். தாயத்தில் வந்து நிற்கும். கறுப்புக் கயிற்றில் கோத்த வெள்ளிக் குழல், சிலருக்குக் கையில், சிலருக்கு இடுப்பில். ரத்தக் கசிவை அடைக்கக் கரண்ட் வைத்துச் சுடுவார்கள், உலோகம் இருந்தால் அந்த இடத்தில் தோல் வெந்துபோகும். ஆனால் "கயிற்றை அறுக்காதீங்கம்மா" என்று அவர்கள் அம்மா அழுவார். அறுக்க மாட்டேன். முடிச்சை அவிழ்த்து, கர்ச்சீப்பில் முடிந்து, அந்த அம்மா கையிலேயே கொடுத்து, "தியேட்டர் வாசலிலேயே இதைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்" என்பேன். உடனே சம்மதம். உள்ளே போனால் கத்தி எடுக்கும் முன் கண்ணை மூடி ஒரு நொடி நிற்கிற சர்ஜனும் இருக்கிறார், "சிஸ்டர், ஸ்விட்ச் வேலை செய்கிறதா பாருங்கள், அதுதான் எனக்குச் சாமி" என்கிறவரும் இருக்கிறார். இருவருடைய தையலிலும் நான் வித்தியாசம் பார்த்ததில்லை.

சாமியை நம்பியதால் கெட்டவர்களை நான் பார்த்தது குறைவு. தாமதித்ததால் கெட்டவர்கள்தான் அதிகம். சர்க்கரைக்காரர்கள் கால் விரல் கறுத்துப்போன பிறகு வருவார்கள். துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர், மீன் கூடை தூக்குகிறவர். கால் மரத்துப் போயிருப்பதால் குத்தியதும் தெரியாது, புண் வந்ததும் தெரியாது. "ஏன்யா முன்னாடியே வரலை?" என்றால் மந்திரித்தேன், கயிறு கட்டினேன் என்பது ரெண்டாவது பதில். முதல் பதில், "ஓ.பி.க்கு வந்தா அன்னிக்குக் கூலி போச்சு சிஸ்டர்." மாத்திரையும் அப்படித்தான். முழு மாதத்துக்குக் கொடுத்தால் சாப்பிடுவார்கள், பாதி மாதத்துக்குக் கொடுத்துத் திரும்ப வரச் சொன்னால் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். இதற்கு நாத்திகம் மருந்து இல்லை.

புழல் புலி

சிஸ்டர் சொன்னது சூப்பர்.

மண்ணடி பாய்

சிஸ்டர் சொல்வது எங்கள் பக்கமும் உண்மை. குழந்தை பயந்து அழுதால் ஹஜ்ரத்திடம் கொண்டுபோய் ஓதி ஊதச் சொல்வோம். அதே ஹஜ்ரத், காய்ச்சல் இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் போகச் சொல்லித் திட்டுவார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அப்புறம் இறைவனை நம்பு என்பது நபிமொழி.

ஆனால் கட்டாமல் விட்டதும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6. தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகளைச் சுற்றிலும் இருந்த தனியார் காப்பகங்களில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது, ஓட முடியவில்லை. 28 பேர் போனார்கள். சங்கிலி போட்டவர்கள் மதவாதிகள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அந்தக் குடும்பங்களுக்கு அவர்கள் மாவட்டத்தில் ஒரு மனநல வார்டும் படுக்கையும் பக்கத்திலேயே கிடைத்திருந்தால் எத்தனை பேர் அங்கே விட்டிருப்பார்கள் என்று நான் யோசிப்பது உண்டு. 2017 மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்துவிட்டது. நல்லது. சங்கிலிக்குப் பதில் என்ன என்பதற்குச் சட்டம் மட்டும் போதாது.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு கோவிலில் தங்கிய மனநோயாளிகளை நிம்ஹான்ஸ் (பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனம்) டாக்டர்கள் ஆராய்ந்து 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 31 பேர். மருந்தும் இல்லை, தனிச் சடங்கும் இல்லை, சில வாரம் கோவிலில் தங்கி வேலை செய்து இருந்தார்கள். நோய்க்குறி அளவீடு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. கொருக்குப்பேட்டைத் தோழர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கொருக்குப்பேட்டைக்காரன்

எடுத்துக்கொள்கிறேன் பாய். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு இல்லாத சின்ன ஆய்வு அது. இருந்தாலும் அடிக்காத, விரட்டாத ஓர் இடத்தில் சோறும் வேலையும் கொடுத்து வைத்திருந்தால் மனது தேறுகிறது என்று காட்டுகிறது. அந்த ஆய்வாளர்கள் சொன்னதும் அதையொட்டித்தான். அங்கே வேலை செய்தது திண்ணையும் கூட இருந்த மனிதர்களும், கர்ப்பக்கிரகம் இல்லை.

எண்ணூர் கணக்குப்பிள்ளை

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். கொருக்குப்பேட்டைக்காரரிடம் ஒரு கேள்வி. ஜெபத்துக்கு 1,802 பேர் வைத்த சோதனை கேட்கிறீர்கள். காப்பீட்டுத் திட்டத்துக்கு என்ன சோதனை கேட்டீர்கள்? "அட்டை இருந்தது, பிழைத்தார்" என்கிறீர்கள். "வேண்டிக்கொண்டோம், பிழைத்தார்" என்பதற்கும் இதற்கும் தர்க்கத்தில் என்ன வித்தியாசம்?

காப்பீட்டுக்கும் அப்படி ஒரு சோதனை தற்செயலாக நடந்திருக்கிறது. 2008ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இடம் கொஞ்சம், மனு போட்டவர்கள் அதிகம். அதனால் குலுக்கல் போட்டார்கள். குலுக்கலில் விழுந்தவர், விழாதவர் என்று இரண்டு பிரிவு தானாகவே கிடைத்துவிட்டது. 2013ல் வந்த முடிவு: இரண்டு வருஷத்தில் ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை அளவு மூன்றிலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. ஆனால் மனச்சோர்வு குறைந்தது. வருமானத்தின் பெரும்பங்கை வைத்தியச் செலவே விழுங்கும் நிலை கிட்டத்தட்ட மறைந்தே போனது. அதாவது காப்பீடு முதலில் காப்பாற்றுவது பணப்பையை. உடம்பைக் காப்பாற்ற அதற்குப் பின்னால் ஆளும் மருந்தும் வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். 2009ல் கலைஞர் பெயரில் வந்தது, 2012ல் ஜெயலலிதா காலத்தில் முதலமைச்சர் விரிவான காப்பீட்டுத் திட்டமானது, 2018ல் மத்திய அரசின் திட்டத்தோடு சேர்ந்து குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை என்றானது. மூன்று கட்சியும் உரிமை கொண்டாடும். நான் திட்டத்துக்கு எதிரி இல்லை. ஆனால் அது படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு. சிஸ்டர் சொன்ன ஐஸ் உடைக்கிறவர் தினம் விழுங்க வேண்டிய சர்க்கரை மாத்திரை அதில் வராது. விரலை வெட்டப் பணம் வரும், விரல் அழுகாமல் இருக்க வராது.

அந்த மாத்திரை வருவது வேறு வழியில். 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கினார்கள். மாநிலத்துக்கே மொத்தமாக மருந்து வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்கிலிருந்து ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரிக்கும் கணக்குப் புத்தகம் வைத்துக் கொடுக்கிறார்கள். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய் அதே மாதிரி தொடங்கின. இதற்கு யாராவது ஃப்ளெக்ஸ் வைத்தார்களா? 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது, அதற்குத்தான் கொஞ்சம் விளம்பரம். கூலி போகும் என்ற பிரச்சினைக்கு நேரான பதில் அதுதான், காப்பீட்டு அட்டை இல்லை.

நாடு முழுவதற்கும் பார்த்தால், வைத்தியத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் மக்கள் கைக்காசு 2013-14ல் 64.2 சதவீதம், 2021-22ல் 39.4 சதவீதம் என்கிறது மத்திய அரசின் கணக்கு. குறைந்திருக்கிறது. அதே வருஷம் அரசுகள் போட்டது ஜி.டி.பி.யில் 1.84 சதவீதம். 2025க்குள் 2.5 சதவீதம் ஆக்குவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதி வைத்தார்கள். நிறைவேற்றாத நேர்த்திக்கடன் அரசுக்கும் உண்டு.

மின்ட் மிளகாய்

கணக்குப்பிள்ளை, கடைசி வரிக்கு ஒரு சல்யூட்.

புழல் புலி

எல்லாம் சரி, என் கேள்வி வேறு. என் வரிப்பணத்தில் ஏன் ஊருக்கே வைத்தியம்? பீடி குடித்தவன் நுரையீரலுக்கு நான் ஏன் கட்ட வேண்டும்? நம்பிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்கள் தர்மமாகச் செய்யட்டும். வேலூர் சி.எம்.சி. அரசா கட்டியது? இதோ ராயபுரம் பக்கம் ரெய்னி ஆஸ்பத்திரி ஸ்காட்லாந்து மிஷன்காரர்கள் தொடங்கியது. கோவில் உண்டியலும் இருக்கிறது. அரசு ஒதுங்கினால் தர்மம் தானாக வளரும்.

எண்ணூர் கணக்குப்பிள்ளை

எங்கள் பக்கம் வந்து பாருங்கள் புலி. பீடியே தொடாதவர்களும் மூச்சுவாங்கி வருவார்கள். 2023 டிசம்பரில் பெரியகுப்பத்தில் நடுராத்திரி அமோனியா கசிந்தபோது யார் என்ன பழக்கம் வைத்திருந்தார்கள் என்று பார்த்தா மூச்சு முட்டியது?

மின்ட் மிளகாய்

தர்மம் தானாக வளர்ந்ததா என்பதற்கு வடசென்னையே சாட்சி. 1782 பஞ்சத்தில் தொடங்கியது மணியக்காரர் சத்திரம். கஞ்சி ஊற்றினார்கள், நோயாளிகளையும் பார்த்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய ஸ்டான்லி. பழைய ஆட்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். தர்மம் தொடங்கி வைத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு சத்திரம் கல்லீரல் மாற்று அறுவை செய்யும் இடமாக ஆனது அரசு கையில் வந்த பிறகு.

அம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியம்மைக்கு நாம் வேண்டாத தெய்வமில்லை, ஊற்றாத கூழில்லை. இந்தியாவில் கடைசி நோயாளி 1975ல், உலகத்திலேயே ஒழிந்தது என்று 1980ல் அறிவித்தார்கள். வீடு வீடாக ஊசியைத் தூக்கிக்கொண்டு போனது அரசு ஊழியர்கள். ஊசி வேண்டாம் என்று கதவைச் சாத்தியவர் வீட்டிலும் போட்டார்கள், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரன் உயிரும் அதில் இருந்தது. தர்மத்துக்கு அந்த அதிகாரமும் இல்லை, அந்தக் கணக்கும் இல்லை. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மத உரிமையைக் கொடுக்கும்போதே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்டு என்றுதான் கொடுக்கிறது.

வார்டு சிஸ்டர்

அம்மை என்றதும் சொல்ல வேண்டியது. சின்னம்மை வந்த வீட்டில் வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாட்கள் உள்ளே போவதில்லை. அதில் நான் தலையிட மாட்டேன், தனிமைப்படுத்த நாங்கள் படாத பாடு படுவதை அது செய்துவிடுகிறது. ஆனால் வீட்டில் கர்ப்பிணி இருந்தாலோ, வந்தவருக்கு மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை காத்திருக்காதீர்கள். தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை பக்கத்தில்தான்.

நெறியாளர்

கட்சித் தலைவர்களைப் பற்றிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. விஷயத்தோடு நில்லுங்கள்.

ஒற்றியூர் அடியார்

கணக்குப்பிள்ளைக்கும் மிளகாய்க்கும் சேர்த்துக் கேட்கிறேன். காப்பீடு பலன் தருமா, மாத்திரை பலன் தருமா என்பதற்கு ஆய்வு இருக்கிறது. புலி கேட்டதற்கு எந்த ஆய்வு பதில் சொல்லும்? கொருக்குப்பேட்டையில் ஒருவர் சாவது புழலில் இருப்பவருக்கு ஏன் பொருட்டாக வேண்டும்? எல்லா உயிரும் ஒரே மதிப்பு என்பதை எந்தச் சோதனையில் அளந்தீர்கள்? வள்ளலார் இதே ஒற்றியூருக்கு நடந்து வந்து கும்பிட்டவர். பசித்தவனுக்குச் சோறு என்று அவர் அடுப்பு மூட்டியது புள்ளிவிவரம் பார்த்து இல்லை.

மின்ட் மிளகாய்

நல்ல கேள்வி அடியாரே, நியாயமாகவே. ஆய்வு அதைச் சொல்லாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடவுளும் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை. சிலரைக் கோவிலுக்குள்ளேயே விடாமல் வைத்திருந்த காலத்திலும் அதே கடவுளைத்தானே கும்பிட்டோம்? ஓ.பி. வரிசையில் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது இங்கே சண்டை போட்டு வாங்கியது.

ஒற்றியூர் அடியார்

அந்தச் சண்டையை வள்ளலாரும் போட்டார், அதுவும் ஜோதியை வைத்துக்கொண்டே. இதற்கு நாளைக்கு எழுதுகிறேன். பிரதோஷம், கோவிலுக்குக் கிளம்ப வேண்டும்.

கொருக்குப்பேட்டைக்காரன்

கணக்குப்பிள்ளை, உங்கள் கேள்விக்கு என் பதில்: வித்தியாசம் இருக்கிறது. காப்பீடு பலன் தரவில்லை என்று நாளைக்கு ஓர் ஆய்வு வந்தால் திட்டத்தை மாற்றச் சொல்லி நான் கேட்பேன். 52, 51 என்று வந்த பிறகு எந்தக் கோவிலில் வேண்டுதல் குறைந்தது?

மண்ணடி பாய்

அரசு மட்டும் ஆய்வைப் பார்த்து மாற்றிக்கொள்கிறதா தோழர்?

புதுவண்ணை புதியவன்

விவாதத்துக்கு நடுவில் மன்னிக்கவும். அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை என்கிறார்கள். காப்பீட்டு அட்டை இல்லை. அப்பா பெயரில் பழைய அட்டை இருந்தது, அவர் தவறிவிட்டார். எங்கே போவது?

வார்டு சிஸ்டர்

வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் தம்பி. இ-சேவையில் வருமானச் சான்று வாங்குங்கள். ரேஷன் கார்டில் அப்பா பெயரை நீக்கி அம்மாவைக் குடும்பத் தலைவியாக மாற்றிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள், பாதிப் பேர் அங்கேதான் மாட்டுகிறார்கள். அப்புறம் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் காப்பீட்டுத் திட்ட கவுன்டருக்குப் போங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள், போட்டோ எடுப்பார்கள். அவருக்குச் சர்க்கரை இருந்தால் அறுவைக்குத் தேதி வாங்கும் முன் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், அதற்கு அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாருங்கள்.

புழல் புலி

தம்பி, கலெக்டர் ஆபீஸுக்குக் காலையில் சீக்கிரம் போ. டோக்கன் தீர்ந்துவிடும். எங்கள் அத்தைக்கு நான்தான் அலைந்தேன்.